ஜொகூர் லாமா: மண்ணரண் சொல்லும் வரலாறு

கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவர் மனத்தில் எழும் உருவம் ஒன்று உண்டு. வானளாவிய கல்மதில், அதைச் சூழ்ந்த அகழி, இரும்புப் பூண் இட்ட கதவு, மதில்மேல் வரிசையாகப் பீரங்கிகள். செஞ்சியையும் வேலூரையும் படத்தில் கண்டவர்களும், மலாக்காவின் ஏ பமோசா வாயிலை நேரில் கண்டவர்களும் அவ்வாறே எண்ணுவர். அந்த எண்ணத்தோடு ஜொகூர் மாநிலத்தின் ஜொகூர் லாமாவுக்குச் செல்பவர் முதலில் ஏமாற்றமே அடைவர். அங்கே இருப்பது புல் போர்த்திய மண்மேடு. அதன்மேல் ஒரு நடைவழி, கீழே அகன்று பாயும் ஆறு, அருகே ஒரு சிறிய அருங்காட்சியகம், சுற்றிலும் ஒரு மலாய்க் கிராமம். கண்ணுக்குப் புலப்படுவது இவ்வளவே.

ஆயினும் மலாய்த் தீபகற்பத்தின் வரலாற்றில் அம்மேட்டுக்கு ஒப்பான இடங்கள் மிகச் சிலவே. பதினாறாம் நூற்றாண்டில் மூன்று வல்லரசுகள் மோதிய எல்லை அரண் அது. வரலாற்றுச் சான்றை எவ்வாறு படிப்பது என்பதை மாணவர்க்குக் கற்பிக்க அதைவிடத் தகுந்த வகுப்பறை ஜொகூரில் இல்லை எனலாம். ஏட்டில் எழுதப்பட்ட கோட்டை ஒன்றையும் மண்ணில் எஞ்சிய கோட்டை ஒன்றையும் இந்த ஓர் ஆறே நம்முன் வைக்கிறது. அவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடமும் காட்சியும்

கோத்தா திங்கி நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஜொகூர் ஆற்றின் கீழைக் கரையில் அமைந்துள்ளது ஜொகூர் லாமா. ‘லாமா’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் ‘பழைய’ என்பது பொருள். ‘பாரு’ என்பது ‘புதிய’. இன்றைய தலைநகரான ஜொகூர் பாருவுக்கு அப்பெயர் வழங்கப்பட்டது 1866இல். அப்புதிய ஜொகூருக்கு முன்னூறு ஆண்டுகள் முந்தியது பழைய ஜொகூர்.

செம்பனைத் தோட்டங்களினூடே செல்லும் சாலை ஆற்றங்கரைக் கிராமத்தில் முடிகிறது. அங்கே ஆற்றை நோக்கி நீண்டிருக்கும் மேட்டுநிலம் தஞ்சோங் பத்து, அதாவது கல்முனை. அதன்மேல் எழுப்பப்பட்ட அரணுக்குக் கோத்தா பத்து, கற்கோட்டை, என்று பெயர். பெயர் கல்லைச் சொன்னாலும், இன்று சீரமைத்துப் பேணப்படும் அரண் பெரிதும் மண்ணால் ஆனதே. மண்மதிலின் முகட்டைத் தொடர்ந்து நடந்தால் சிறிது நேரத்திலேயே புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். சிறுவர்க்கும் முதியவர்க்கும் களைப்புத் தராத சுற்றுவழி அது.

அவ்வழியில் ஆறு கண்ணுக்கு முழுமையாகப் புலப்படும் இடத்தில் சற்று நிற்றல் வேண்டும். கடலிலிருந்து மேலேறி வரும் மரக்கலம் எதுவாயினும் இம்முனையின் பார்வைக்குத் தப்ப இயலாது. உள்நாட்டிலிருந்து காட்டுப் பொருள்களை ஏற்றி இறங்கி வரும் படகும் இதைக் கடந்தே கடலை அடைதல் வேண்டும். வரைபடம் சொல்லாத செய்தியை அந்த உயரம் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. ஆற்றின் வாயிற்கதவாக இம்முனை அமைந்தமையால்தான் அரசர்கள் இதைத் தேர்ந்தனர்.

அரசு பிறந்த கதை

1511ஆம் ஆண்டில் அபோன்சோ டி அல்புகெர்க் தலைமையில் வந்த போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். நகரை இழந்த சுல்தான் மாமூட் ஷா அரசுரிமையை இழந்தாரில்லை. மூவாருக்கும் பகாங்குக்கும் பெயர்ந்து, பின்னர்ப் பிந்தான் தீவில் தங்கி மலாக்காவை மீட்கப் பன்முறை முயன்றார். 1526இல் போர்த்துகீசியர் பிந்தானையும் அழித்தனர். சுமத்திராவின் கம்பாருக்குச் சென்ற மாமூட் ஷா 1528இல் அங்கேயே மறைந்தார்.

அவருடைய மக்களுள் ஒருவர் முசபர் ஷா. பேராக் அரச மரபின் முதல்வர் அவரே. மற்றொருவர் இரண்டாம் அலாவுதீன் ரியாயாட் ஷா. அவர் ஜொகூர் ஆற்றுப் படுகையில் புதிய அரசை நிறுவினார். ஆற்றின் மேற்பகுதியில் அவர் அமைத்த தலைமையிடத்தையும் பகைவர் விட்டுவைக்கவில்லை. 1535-36இல் மலாக்காவின் போர்த்துகீசியத் தளபதி எஸ்டெவாவோ ட காமா ஜொகூர்மீது படையெடுத்தார். கடல்வழியாக இந்தியா வந்த வாஸ்கோ ட காமாவின் மகன் இவர். அத்தாக்குதலுக்குப் பின்னர், 1540ஆம் ஆண்டளவில், தஞ்சோங் பத்துவில் அரண் எழுப்பப்பட்டு ஜொகூர் லாமா தலைநகராயிற்று.

அந்நாளைய எல்லை என்பது இக்காலத்து எல்லைக் கோட்டைப் போன்றதன்று. வேலியும் எல்லைக்கல்லும் அதற்கு இல்லை. மேற்கே மலாக்காவில் போர்த்துகீசியர். வடமேற்கே சுமத்திராவின் முனையில் வலிமை பெற்று வந்த அச்சே. இவற்றுக்கு எதிரே ஜொகூர். மிளகும் நறுமணப் பொருள்களும் துணியும் பீங்கானும் செல்லும் நீரிணையை ஆள்பவர் யார் என்பதே மூவருக்குமிடையே எழுந்த வழக்கு. இன்று ஒருவருக்கு எதிராக இருவர் சேர்வர். நாளை அச்சேர்க்கை மாறும். மலேசிய வரலாற்று நூல்கள் இதனை முக்கோணப் போர் என்று குறிப்பிடுகின்றன. ஜொகூர் லாமாவின் மண்மேடு அப்போரின் ஒரு முனையில் நின்றது.

இருமுறை வீழ்ந்த அரண்

முதல் வீழ்ச்சி 1564இல் நேர்ந்தது. அச்சேயின் படை ஆற்றில் புகுந்து தலைநகரை அழித்துச் சுல்தான் அலாவுதீனைச் சிறைபிடித்துச் சென்றது. அடுத்து வந்த அரசர் தலைநகரை ஆற்றின் மற்றொரு பகுதியான புக்கிட் செலுயுட்டுக்கு மாற்றினார். 1571இல் பட்டத்துக்கு வந்த சுல்தான் அலி ஜாலா அப்துல் ஜாலில் ஷா சில ஆண்டுகளில் மீண்டும் ஜொகூர் லாமாவுக்கே திரும்பினார். அவர் காலத்தில் துறைமுகம் செழித்தது. மலாக்காவுக்குச் செல்ல வேண்டிய வணிகக் கலங்கள் ஜொகூரை நாடலாயின. அச்செழிப்பே பகையையும் வளர்த்தது.

1580களின் நடுவில் ஜொகூர் மலாக்காவை நெருக்கியது. அங்குச் செல்லும் உணவும் வணிகமும் தடைப்பட்டன. மலாக்கா கோவாவிலிருந்து உதவி கோரிற்று. தோம் பாவுலோ டி லிமா பெரெய்ரா என்னும் தளபதி பெரும் கப்பற்படையுடன் வந்து சேர்ந்தார். 1587ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆற்றிலிருந்து பீரங்கித் தாக்குதலும் கரையிலிருந்து தரைத் தாக்குதலும் ஒருங்கே நிகழ்ந்தன. அரண் வீழ்ந்தது. நகர் கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. திரளான பீரங்கிகள் வென்றவர் கைக்குச் சென்றன.

அப்போரைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் தியோகோ டோ கோட்டோ என்னும் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர். தளபதி லிமா பெரெய்ராவின் வாழ்க்கையைப் போற்றி ஒரு நூலும் இயற்றியவர் அவர். எனவே நாம் இன்று அறியும் போர்ச் செய்திகளுட் பெரும்பகுதி வென்றவர் தரப்பில் எழுதப்பட்டது என்பதை மாணவர் மறத்தல் ஆகாது. வென்றவர் எழுதியதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆயினும் பகைவரின் பீரங்கிகளை எண்ணிக் காட்டும் இடத்தில் எழுதுகோல் சற்றுத் தாராளமாக ஓடுவது எந்நாட்டிலும் இயல்பே.

அரண் எது?

திருக்குறளில் அரணுக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. நீரும் திறந்த நிலமும் குன்றும் காடும் அரணாகும் என்று வள்ளுவர் அங்கு வகுக்கிறார். செயல்திறம் அற்றவரிடத்து எத்துணைச் சிறந்த அரணும் பயன்படாது என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். ஜொகூர் லாமாவின் மதில்மேல் நின்று அவ்வதிகாரத்தைக் கற்பித்தால், உரையாசிரியர் விளக்கம் மிகுதியாகத் தேவைப்படாது. ஆறு, மேட்டுநிலம், அடர்காடு என்பன கண்முன்னே இருந்தவை. மண்மதில் அவற்றோடு மனிதர் சேர்த்தது.

1587இல் வீழ்ந்தது அம்மண்மதிலே. நீர் அரணும் காட்டு அரணும் வீழவில்லை. சுல்தான் ஆற்றின் மேற்புறம் சென்று பத்து சாவாரில் புதிய தலைநகரை அமைத்தார். கடல்வழிகளை அறிந்த ஓராங் லாவுட் எனப்படும் கடல் மக்கள் அரசருக்குப் பணிபுரிந்தனர். ஆற்றின் கிளைகளும் சதுப்புநிலங்களும் பெருங்கப்பல்களுக்கு வழிவிடவில்லை. மரத்தால் ஆன அரண்மனையையும் வீடுகளையும் மீண்டும் கட்டுவது கல்நகரைக் கட்டுவதைப் போல் அரிதன்று. கோட்டையைக் கைப்பற்றினால் நாட்டைக் கைப்பற்றியதாகக் கருதுவது ஐரோப்பியப் போர்முறை. தலைநகரை எடுத்துக்கொண்டு பெயரும் அரசை அம்முறையால் அடக்க இயலவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கண்டால் இவ்வுண்மை தெளிவாகும். 1603ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், ஜொகூர் ஆற்றின் கழிமுகத்தை அடுத்த கடலில் சாந்தா கத்தரினா என்னும் போர்த்துகீசியக் கப்பலை ஒல்லாந்தத் தளபதி யாக்கோப் வான் ஈம்ஸ்கெர்க் பிடித்தார். ஜொகூரார் அவருக்குத் துணை நின்றனர். கப்பலில் இருந்த பட்டும் பீங்கானும் பிற சரக்குகளும் ஆம்ஸ்டர்டாமில் முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயின. அவ்வாறு பிடித்தது முறையா என்ற வழக்கிற்கு விடையிறுக்க முற்பட்டவர் ஊகோ குரோசியஸ் என்னும் இளம் சட்ட அறிஞர். 1609இல் அவர் வெளியிட்ட ‘கட்டற்ற கடல்’ என்னும் இலத்தீன் நூல் இன்றைய அனைத்துலகக் கடற்சட்டத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஜொகூர் ஆற்றின் வாயிலில் நிகழ்ந்த ஒரு செயல் உலகச் சட்டச் சிந்தனையையே தொட்டது. இறுதியாக 1641இல் ஒல்லாந்தர் மலாக்காவைக் கைப்பற்றியபோது ஜொகூர் அவர்கள் பக்கம் நின்றது. ஜொகூர் லாமாவை எரித்தவர் 54 ஆண்டுகளுக்குப் பின்னர் மலாக்காவை இழந்தனர்.

ஏட்டில் எழுந்த கோட்டை

கோட்டை எரிந்து 25 ஆண்டுகள் கழிந்தபின், அதே ஆற்றின் கரையில் வேறொரு பணி தொடங்கியது. 1612ஆம் ஆண்டு மே மாதத்தில், பாசிர் ராஜா என்னும் இடத்தில், மலாய் அரசர்களின் வரலாற்றைத் தொகுக்குமாறு பெண்டஹாராவாகிய துன் ஸ்ரீ லானாங் பணிக்கப்பட்டார். பெண்டஹாரா என்பது தலைமையமைச்சர் பதவி. அவ்வாறு உருவான நூலே செஜாரா மெலாயு. அடுத்த ஆண்டிலேயே அச்சே மீண்டும் படையெடுத்துத் தலைநகரை அழித்தது. துன் ஸ்ரீ லானாங்கும் அச்சேக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பகைவர் எந்நாளும் வரலாம் என்ற நிலையில், மறைந்த மலாக்காவின் நினைவை எழுத்தில் காக்க எழுந்த நூல் அது.

தமிழ் ஆசிரியர் இந்நூலில் பெரிதும் ஆர்வம் கொள்வதற்குக் காரணம் உண்டு. அதன் தொடக்கப் பகுதியில் கீழை நாடுகளை வெல்லப் புறப்பட்ட கலிங்க நாட்டுப் பேரரசன் ஒருவன் வருகிறான். படிகளுக்கேற்ப அவன் பெயர் சூலன் என்றும் சூரன் என்றும் காணப்படுகிறது. பேராக்கின் கங்கா நகரத்தை வென்றபின் அவன் கெலாங்குயி என்னும் நகரை அடைகிறான். அந்நகர் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்தது என்றும், அதன் கோட்டை கருங்கல்லால் ஆனது என்றும் நூல் கூறுகிறது. சூலன் என்னும் பெயர் சோழனை நினைவூட்டுகிறது. ஆகவே ஜொகூரில் சோழர் வென்ற கருங்கற்கோட்டை இருந்தது என்று நம் மேடைகளில் பலமுறை முழங்கக் கேட்கிறோம்.

இங்கேதான் ஆசிரியர் நிதானிக்க வேண்டும். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரம் சென்றது கல்வெட்டால் உறுதிப்பட்ட செய்தி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவன் வென்ற இடங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலியன அதில் உள்ளன. கெலாங்குயி என்ற பெயரோ ஜொகூர் என்ற பெயரோ அவ்வரிசையில் இல்லை. கல்வெட்டு அப்படையெடுப்பின் காலத்தது. செஜாரா மெலாயுவோ 587 ஆண்டுகள் பிந்தியது. அந்நூலின் சூலன் அல்லது சூரன் கண்ணாடிப் பேழையில் அமர்ந்து கடலின் அடியில் உள்ள நாட்டுக்கும் செல்கிறான். அப்பகுதியைக் கதையென்று தள்ளிவிட்டுக் கருங்கற்கோட்டையை மட்டும் வரலாறென்று எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

அதற்காக அப்பகுதியைப் பயனற்றதென ஒதுக்கவும் வேண்டா. ஆறு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் ஒரு தென்னாட்டுப் பேரரசின் நிழல் மலாய் அவையில் வாழ்ந்தது என்பதற்கு அதுவே சான்று. 2005ஆம் ஆண்டில் கோத்தா கெலாங்கி என்னும் பெயரில் அந்நகரைத் தேடும் முயற்சி நாளிதழ்களில் பெரிதும் பேசப்பட்டது. இன்றளவும் அக்கருங்கல் மதில் அகழ்ந்து காட்டப்படவில்லை.

அந்நூலின் முன்னுரையில் தமிழர்க்கு வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. துன் ஸ்ரீ லானாங் தம் முன்னோர் வரிசையை அங்கே கூறுகிறார். அவ்வரிசை மலாக்காவின் ஸ்ரீ நாரா டிராஜா துன் அலி வழியாக மணி புரிந்தான் என்பவரைச் சென்றடைகிறது. அம்மணி புரிந்தான் கெலிங் நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர் என்று அதே நூல் சொல்கிறது. கெலிங் என்று அந்நாளைய மலாய் மக்கள் வழங்கியது சோழமண்டலக் கரையை உள்ளடக்கிய தென்னிந்தியக் கீழைக் கரையை. ஆயினும் துன் ஸ்ரீ லானாங் தம்மை மலாய் இனத்தவர் என்றே தெளிவாக அறிவித்துக்கொள்கிறார். அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாடுவது அவர் சொல்லுக்கே மாறானது. கடல் கடந்து வந்த ஒருவரின் வழித்தோன்றல்கள் இம்மண்ணின் மக்களாகவே வளர்ந்து, அதன் வரலாற்றையும் எழுதினர் என்பதே அங்குள்ள செய்தி. கருங்கற்கோட்டைக் கதையைவிட நம் மாணவர்க்கு இச்செய்தி நெருக்கமானது.

மண் தரும் சான்று

ஏட்டை விட்டு மீண்டும் மண்மேட்டுக்கு வருவோம். ஜொகூர் ஆற்றங்கரையில் ஆய்வுகள் 1930களிலேயே தொடங்கின. ஜொகூரில் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர் அங்குக் கிடைத்த பழைய மணிகளைக் கொண்டு, உரோமப் பேரரசோடு இவ்விடத்துக்குக் கடல்தொடர்பு இருந்தது என்று 1937இல் எழுதினார். ஆனால் மணி என்பது கைமாறிக் கைமாறிப் பல துறைகளைக் கடந்து வரும் பொருள். மணி வந்த இடத்துக்கெல்லாம் அதைச் செய்தவரும் வந்தார் என்று கொள்ள இயலாது. 1950களில் சீவ்கிங், பால் வீட்லி, கிப்சன்-ஹில் ஆகியோரும், 1960இல் வில்எல்ம் சோல்ஐமும் ஜொகூர் லாமாவிலேயே முறையான ஆய்வு நடத்தினர்.

அவர்கள் கண்டெடுத்தவற்றுள் பொற்குவியல் இல்லை. சீனப் பீங்கான் ஓடுகளும் உள்நாட்டு மட்பாண்ட ஓடுகளுமே மிகுதி. அவற்றின் மதிப்பு அளவிடற்கரியது. பீங்கானின் வண்ணமும் பூவேலையும் அது எக்காலத்தது என்று காட்டும். எந்த அடுக்கில் எது கிடந்தது என்ற குறிப்பு முன்பின் வரிசையைக் காட்டும். தொலைநாட்டுச் சட்டியின் ஓடும் அடுப்பிலிட்ட உள்ளூர்ப் பானையின் ஓடும் ஒரே இடத்தில் கிடைப்பது, அங்கே வணிகரும் குடும்பங்களும் வாழ்ந்தமையைக் காட்டும். போர்த்துகீசியர் தம் நூலில் பீரங்கிகளை எண்ணினர். சோறு வடித்த பானையைப் பற்றி எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. அக்குறையை மண் நிறைவு செய்தது.

ஆகவே ஜொகூர் லாமாவின் சுற்றுவழியில் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்தல் நலம். இச்செய்தியைச் சொன்னவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார்? அதற்குத் துணையாக வேறு சான்று உண்டா? கோட்டோவின் நூலுக்கும் செஜாரா மெலாயுவுக்கும் தஞ்சைக் கல்வெட்டுக்கும் இக்கேள்விகள் பொது. நமக்குப் பெருமை தரும் செய்தியிடத்தில் இவற்றை இன்னும் கண்டிப்பாகக் கேட்டல் வேண்டும். சான்றில்லாப் பெருமையைப் பிறர் ஒரு கேள்வியில் கவிழ்த்துவிடுவர். அப்போது சான்றுள்ள கடாரமும் அதனோடு சேர்ந்து ஐயத்துக்கு உள்ளாகும். இந்த இழப்பு மாணவனைச் சாரும். மேடையில் முழங்கியவரைச் சாராது.

மண்மதில்மேல் நடக்கும் மாணவன் கருங்கற்கோட்டையைக் காணமாட்டான். ஆற்றைக் காண்பான், அரசர் இம்முனையைத் தேர்ந்த காரணத்தைத் தன் கண்ணாலேயே அறிவான். அருங்காட்சியகத்தில் உடைந்த ஓடுகளின்முன் நிற்கும்போது அவற்றைக் குப்பை என்று கடந்து செல்லமாட்டான். அவ்வாறு பார்க்கக் கற்றவன் தன் தோட்டத்துப் பழைய கோயிலையும் பாட்டனார் பெட்டியில் உள்ள கடிதத்தையும் அதே கண்ணோடு பார்ப்பான். மலேசியத் தமிழரின் வரலாற்றில் எழுதப்படாமல் கிடப்பது மிகுதி. அதை எழுத வேண்டியவர்கள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள்.